கையெழுத்துக்கு முன்னால் காதுக்கு வர வேண்டும்

வாசகி கேள்வி:

அன்புள்ள அக்காவுக்கு,

சிங்கப்பூரின் துவாஸில் ஒரு பொறியியல் நிறுவனத்தில் கம்ப்ளையன்ஸ் மேலாளராக இருக்கிறேன். நிறுவனம் சட்டத்தையும் விதிகளையும் மீறாமல் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை. எட்டு ஆண்டுகள் தணிக்கைத் துறையில் இருந்துவிட்டுப் போன வருஷம்தான் இந்த வேலைக்கு வந்தேன். எங்கள் தாய் நிறுவனம் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டது. தாளில் எல்லாம் சரியாக இருக்கிறது. நடத்தை விதிகள் உண்டு, ஆண்டுக்கொரு பயிற்சி உண்டு, புகார் எண்ணும் உண்டு. ஆனால் அந்த எண்ணுக்கு இரண்டு வருஷமாக ஓர் அழைப்புகூட வரவில்லை. பயிற்சியை எல்லாரும் படிக்காமலேயே பட்டனைத் தட்டி முடித்துவிடுகிறார்கள். நான் பேன்ட்ரிக்குள் நுழைந்தால் ‘போலீஸ் வந்துட்டாங்க’ என்று பேச்சு நின்றுவிடுகிறது. தீபாவளிக்குத் துணை ஒப்பந்ததாரர் ஒருவர் அனுப்பிய பலகாரக் கூடையைத் திருப்பி அனுப்பினேன். அன்றிலிருந்து பாதிப் பேர் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

இப்போது பக்கத்து நாட்டில் ஒரு பெரிய ஒப்பந்தம் வரப்போகிறது. அங்குள்ள முகவர் ஒருவருக்கு 9 விழுக்காடு கமிஷன் கொடுக்க வேண்டும் என்று விற்பனைப் பிரிவுத் தலைவர் கோப்பு அனுப்பியிருக்கிறார். மாத இறுதிக்குள் என் கையெழுத்து வேண்டுமாம். ‘அங்கே எல்லாரும் இப்படித்தான்’ என்கிறார். இதற்கிடையில், ஓவர்டைம் கிடைக்க மேற்பார்வையாளருக்கு மாதாமாதம் பணம் கொடுக்க வேண்டியிருக்கிறது என்று எங்கள் தமிழ் ஊழியர் ஒருவர் லிஃப்ட் அருகே சொல்லிவிட்டு, நான் வாய் திறப்பதற்குள் போய்விட்டார். அந்த மேற்பார்வையாளரை நான் அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். சேர்ந்த புதிதில் எனக்குத் தளம் முழுக்கச் சுற்றிக் காட்டியவர் அவர்.

என் கையெழுத்துக்கு இங்கே என்ன மதிப்பு? இந்த வேலையை உருப்படியாகச் செய்ய முடியுமா, விட்டுவிடலாமா?

– ஜூரோங் வாசகி

பதில்:

அன்புத் தங்கைக்கு,

உங்களை யாரும் அடையாளம் கண்டுகொள்ளாதபடி கடிதத்தில் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். 23 ஆண்டுகளாக நானும் இதே வேலையில்தான் இருக்கிறேன். நீங்கள் கமிஷன் கோப்பைப் பற்றித்தான் அதிகம் கவலைப்படுகிறீர்கள். எனக்கோ அந்த லிஃப்ட் பக்கத்துப் பேச்சுதான் பெரிதாகப் பட்டது. இரண்டு வருஷமாக மணியே அடிக்காத புகார் எண் இருக்கிற இடத்தில், ஒரு தொழிலாளி உங்கள் முகத்தைப் பார்த்து வாய் திறந்திருக்கிறார். அவருக்கு அது எவ்வளவு பெரிய காரியம் என்று யோசித்துப் பாருங்கள்.

நம் வேலை நன்றாக நடக்கிறதா என்று பார்க்க நான் ஒன்றைத்தான் கவனிப்பேன். கெட்ட செய்தி எவ்வளவு சீக்கிரம் நம் காதுக்கு வருகிறது? கையெழுத்து போடுகிற நேரத்தில்தான் ஒரு விஷயம் நமக்குத் தெரியவருகிறது என்றால் பாதிக்கு மேல் தோற்றுவிட்டோம். விலை பேசியாயிற்று, கைகுலுக்கியாயிற்று, போனஸ் கணக்குக்கூடப் போட்டாயிற்று. அந்த நேரத்தில் முடியாது என்று சொல்கிற யாரும் போலீஸாகத்தான் தெரிவார்கள். விதிகள், பயிற்சி, புகார் எண், பரிசுப் பதிவேடு எல்லாமே விஷயம் சின்னதாக இருக்கும்போதே நம்மிடம் வந்து சேரத்தான். வராவிட்டால் அவை எத்தனை இருந்தும் பயனில்லை.

சரி, அந்தத் தம்பியிடமிருந்து தொடங்குவோம். அவருடைய வேலை அனுமதி உங்கள் நிறுவனத்தின் பெயரில் இருக்கிறது. ஊரில் ஏஜென்டுக்குக் கொடுக்க வாங்கிய கடன் பெரும்பாலும் இன்னும் தீர்ந்திருக்காது. மேற்பார்வையாளர் ஒரு வார்த்தை சொன்னால் ஊருக்கு டிக்கெட் போட்டுவிடுவார்கள் என்ற பயத்தோடுதான் தினமும் காலையில் லாரி ஏறுவார். அதனால் தயவுசெய்து அவரைத் தனியாக அலுவலகத்துக்குக் கூப்பிடாதீர்கள். மனிதவளப் பிரிவு மூலம் ஆள் அனுப்பவும் வேண்டாம். அவர் மாடிப்படி ஏறுவதைப் பத்துப் பேர் பார்த்துவிட்டால் அடுத்த மாதம் அவருக்கு ஓவர்டைம் இருக்காது. இந்த மாதிரி நேரங்களில் நான் செய்வது இது: மூன்று நான்கு குழுக்களிலிருந்து பதினைந்து இருபது பேரைத் தேர்ந்தெடுத்து, தங்குமிடம், சாப்பாடு, பாதுகாப்பு, சம்பளம், வேலை நேரம் என்று ஒவ்வொருவரிடமும் பத்து நிமிடம் பேசுவேன். அவரும் அந்த இருபதில் ஒருவராக வந்து போவார். இன்னொரு ஆதாயமும் உண்டு. பணம் கொடுக்கிறவர் அவர் ஒருவராக இருக்க வாய்ப்பில்லை.

பேசும்போது ‘யாருக்கும் சொல்ல மாட்டேன்’ என்று வாக்குக் கொடுக்காதீர்கள். இரக்கத்தில் வாய்க்கு வந்துவிடும், ஆனால் உங்களால் அதைக் காப்பாற்ற முடியாது. ‘தெரிந்தே ஆக வேண்டிய இரண்டு மூன்று பேரைத் தவிர வேறு யாருக்கும் உங்கள் பெயர் போகாது. இதனால் உங்களுக்கு ஏதாவது தொந்தரவு வந்தால் அன்றைக்கே எனக்குச் சொல்லுங்கள்’ என்று சொல்லுங்கள். அப்புறம், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அவருடைய ஓவர்டைம் மணிநேரத்தை நீங்களே எடுத்துப் பாருங்கள். பழிவாங்கல் எப்போதும் சத்தமாக நடப்பதில்லை. பட்டியலில் ஒரு பெயர் மெல்லக் கீழே இறங்கும், அவ்வளவுதான்.

புகார் எண் ஏன் மௌனமாக இருக்கிறது என்பதற்கு என் அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன் நான் வேலை பார்த்த ஒரு நிறுவனத்தில் அழகான சுவரொட்டி ஒன்று இருந்தது. முழுக்க ஆங்கிலம். அலுவலகப் பேன்ட்ரியில் ஒட்டியிருந்தார்கள். தொழிலாளர் விடுதியிலும் ஒன்றை ஒட்டியிருக்கிறோம் என்று சொன்னார்கள். ஒரு நாள் மாலை நேரில் போய்ப் பார்த்தேன். பொதுச் சமையலறையில் ஏழெட்டுப் பேர் சமைத்துக்கொண்டிருந்தார்கள். கதவுக்குப் பின்னால் புகையில் மஞ்சளேறி அந்தச் சுவரொட்டி தொங்கியது. சாம்பாருக்கு வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்த ஒருவரிடம், ‘இந்த நம்பர் எதுக்குன்னு தெரியுமாண்ணே?’ என்று கேட்டேன். ‘ஆபீஸ்காரங்க லோன் வாங்குற நம்பர்னு நெனச்சோம்மா’ என்றார்.

தமிழிலும் வங்காளியிலும் மாற்றி எழுத முடிவு செய்தோம். தமிழ் வடிவத்தை முதலில் நானே எழுதினேன். ‘முறைகேடுகளை வெளிப்படுத்துவோர் பாதுகாப்புக் கொள்கை’ என்று தலைப்பு வைத்தேன். அதை வாசித்துப் பார்த்த ஒரு வெல்டர், ‘இது ஏதோ சட்டம் போலிருக்கு, நமக்கில்ல’ என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். கடைசியில் நின்றது நான்கு வரிகள்தான். உங்களிடம் யாராவது பணம் கேட்டார்களா? இந்த எண்ணுக்குத் தமிழில் பேசலாம். வாட்ஸ்அப்பில் குரல் பதிவும் அனுப்பலாம். பெயர் சொல்ல வேண்டியதில்லை.

மூன்றாவது வாரம் ஒரு படம் வந்தது. கிழித்துப் பிரித்த சிகரெட் அட்டையின் உட்பக்கம். பால்பாயிண்ட் பேனாவில் மாதங்களின் பெயர்கள், பக்கத்தில் 150, 150, 200, 150. கீழே பெயர் எதுவும் இல்லை. அந்த அட்டையிலிருந்துதான் விசாரணை தொடங்கியது. ஓவர்டைம் பட்டியலையும் சம்பளப் பதிவையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது எந்தெந்த மாதம் யார் கொடுத்திருக்கிறார்கள் என்று கோடு போட்டதுபோல் தெரிந்தது. அந்த நான்கு எண்களையும் இன்றைக்கும் மறக்கவில்லை.

நீங்களும் அந்த வரிசையில்தான் போக வேண்டும். யாரையும் கேள்வி கேட்பதற்கு முன்னால் ஆறு மாத ஓவர்டைம் பட்டியலைச் சத்தமில்லாமல் எடுங்கள். யாருக்கு எப்போதும் கிடைக்கிறது, யாருக்கு ஒருபோதும் கிடைப்பதில்லை, பட்டியலைப் போடுகிறவரும் ஒப்புதல் கொடுக்கிறவரும் ஒரே ஆள்தானா என்று பாருங்கள். இந்தக் கடைசிக் கேள்வி சாதாரணமானதல்ல. 1995 பிப்ரவரியில் பிரிட்டனின் பேரிங்ஸ் வங்கி கவிழ்ந்ததே இங்கே நம் ஊரில் நடந்த வர்த்தகத்தால்தான். நிக் லீசன் என்ற ஒரே ஆள் வாங்கி விற்பதையும் கவனித்தார், கணக்கு முடிப்பதையும் கவனித்தார். நஷ்டத்தையெல்லாம் 88888 என்ற கணக்கில் ஒளித்துவைக்க அது வசதியாகப் போயிற்று. 827 மில்லியன் பவுண்ட் போனது. அதற்கு முந்தைய ஆண்டே உள்தணிக்கையாளர்கள் இந்த இரண்டு பொறுப்பும் ஒரே கையில் இருக்கக் கூடாது என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். எழுதியதை எடுத்துச் செய்ய ஆள் இல்லை. நம்மைப் போன்றவர்கள் அதைத்தான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்க வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது என்று தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். வேலை கொடுக்கவோ வேலையில் வைத்திருக்கவோ வெளிநாட்டு ஊழியரிடம் பணம் வாங்கினால், வெளிநாட்டு மனிதவள வேலை நியமனச் சட்டப்படி 30,000 வெள்ளி வரை அபராதம், இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டுமே கிடைக்கலாம். ஓவர்டைம் ஒதுக்குவதற்குப் பணம் வாங்குவது ஊழல் தடுப்புச் சட்டத்துக்குள்ளும் வரக்கூடியது. அந்தச் சட்டம் அரசாங்க ஊழியர்களுக்கு மட்டும்தான் என்று இன்னும் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். 1960லிருந்து தனியார் துறைக்கும் அது பொருந்துகிறது. 100,000 வெள்ளி வரை அபராதம், ஐந்து ஆண்டு வரை சிறை. ‘பணத்தைத் திருப்பிக் கொடுக்க வைத்து உள்ளுக்குள்ளேயே முடித்துவிடலாம்’ என்று யாராவது நல்லெண்ணத்தோடே சொல்வார்கள். ஒப்புக்கொள்ளாதீர்கள். நிறுவன வழக்கறிஞரைக் கேட்டு, மனிதவள அமைச்சிடமோ லஞ்ச ஊழல் புலனாய்வுப் பிரிவிடமோ எப்போது போவது என்பதை எழுத்தில் முடிவு செய்யுங்கள்.

அண்ணன் விஷயம். படிக்கும்போதே உங்கள் மனசு எவ்வளவு கனத்திருக்கும் என்று தெரிந்தது. அவர் வாங்கியே இருக்கமாட்டார் என்றும் தோன்றும், வாங்கியிருந்தால் என்ன செய்வது என்றும் தோன்றும். இரண்டுமே உங்களை இந்த விசாரணையை நடத்தத் தகுதி இல்லாதவராக ஆக்கிவிடுகின்றன. இது குற்றமல்ல, மனித இயல்பு. உள்தணிக்கைத் தலைவரிடம் இன்றைக்கே, ‘இவர் எனக்கு நெருக்கமானவர். தகவல் என்னிடம்தான் வந்தது. விசாரணையை வேறொருவர் நடத்தட்டும்’ என்று மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள். ஆறு மாதப் பட்டியல், ஊழியர்களுடன் பேச்சு என்று நான் மேலே சொன்னதெல்லாம் அந்த வேறொருவரின் பொறுப்பில் நடக்க வேண்டும். நீங்கள் முறையைச் சொல்லிக்கொடுங்கள், மொழி வேண்டிய இடத்தில் உதவுங்கள், முடிவெடுக்கிற இடத்தில் உட்காராதீர்கள்.

கோப்பிக்கடையில் அவரைப் பார்க்கும்போது ‘அண்ணே, கொஞ்சம் ஜாக்கிரதையா இருங்க’ என்று ஒரு வார்த்தைகூடச் சொல்லாதீர்கள். அந்த ஒரு வார்த்தையில் சிகரெட் அட்டைகள் குப்பைக்குப் போய்விடும், அந்தத் தம்பியின் பெயர் வெளியே வந்துவிடும். குற்றத்தில் வந்த பணம் என்று சந்தேகித்து அதிகாரிகளுக்குத் தெரிவித்த பிறகு, விசாரணையைக் கெடுக்கும்படி தகவலைக் கசியவிட்டால் அதுவே தனிக் குற்றம்.

இனி 9 விழுக்காடு. கோப்பில் ‘ஒப்புதல்’, ‘மறுப்பு’ என்று இரண்டு கட்டங்கள்தான் இருக்கும். இரண்டிலும் இப்போது கை வைக்காதீர்கள். விற்பனைத் தலைவரின் அறைக்கு நடந்து போய் உட்காருங்கள். மின்னஞ்சலில் வேண்டாம். அவருக்கு இந்த ஒப்பந்தம் எவ்வளவு முக்கியம், ஏன் அவசரம் என்று முதலில் கேளுங்கள், உண்மையாகவே கேளுங்கள். அவருக்கும் மேலிருந்து நெருக்கடி இருக்கும். அப்புறம் இவற்றைக் கேளுங்கள். இந்த முகவரை நமக்கு அறிமுகப்படுத்தியது யார்? வாடிக்கையாளர் தரப்பிலிருந்தே பரிந்துரை வந்ததா? அவர் என்ன வேலை செய்யப்போகிறார், அதற்கு எத்தனை பேர் வைத்திருக்கிறார்? 9 என்ற எண் எங்கிருந்து வந்தது? முகவர் நிறுவனத்தின் உண்மையான உரிமையாளர் யார்? பணம் எந்த நாட்டுக் கணக்குக்குப் போகிறது? வேலை ஒரு நாட்டில், கணக்கு வேறொரு நாட்டில் என்றால் அங்கேயே நின்றுவிடுங்கள்.

இதில் எனக்குக் கைகொடுத்த பழக்கம் ஒன்று உண்டு. கமிஷன் கேட்கிறவரையே, ‘இந்த முகவருக்கு இவ்வளவு பணம் கொடுக்கிறோம், ஏனென்றால்...’ என்று தொடங்கி ஒரு வாக்கியத்தைத் தன் கையால் எழுதி, கீழே பெயர் போடச் சொல்வேன். ஒருமுறை என் எதிரே உட்கார்ந்திருந்தவர் பேனாவை எடுத்து ‘ஏனென்றால்’ வரைக்கும் எழுதினார். அப்புறம் ஜன்னலைப் பார்த்தார். வெகுநேரம் பேசவில்லை. பேனாவை மூடி வைத்துவிட்டு, ‘நான் திரும்ப விசாரிக்கிறேன்’ என்றார். அதற்குப் பிறகு அந்த மனிதர் புதிய முகவரைப் பார்த்தாலே எனக்குத்தான் முதலில் போன் போடுவார். என்னோடு சண்டை போட்டு அவர் மாறவில்லை. எழுத முடியாத காரணம் ஒன்று தன்னிடம் இருக்கிறது என்பதை அவரே பார்த்துக்கொண்டார்.

‘அங்கே எல்லாரும் இப்படித்தான்’ என்பதற்கு ஒழுக்கப் பாடம் எடுக்கத் தேவையில்லை. அந்தத் தொழிலில் அது வழக்கம் என்று காட்டுவதை ஊழல் தடுப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு ஏற்றுக்கொள்வதில்லை. சிங்கப்பூர்க் குடிமகன் வெளிநாட்டில் செய்ததையும் இங்கே செய்ததாகவே 37ஆம் பிரிவு எடுத்துக்கொள்ளும். இதை மிரட்டலாகச் சொல்லாமல், ‘உங்களையும் சேர்த்துத்தான் காப்பாற்றப் பார்க்கிறேன்’ என்று சொல்லுங்கள். அதுதானே உண்மை.

கடலில் எண்ணெய் எடுக்கும் மேடைகளைக் கட்டிய சிங்கப்பூர் நிறுவனமான கெப்பல் ஆஃப்ஷோர் அண்ட் மரீனின் வழக்கை அவருக்கு நினைவூட்டலாம். பிரேசிலின் அரசு எண்ணெய் நிறுவனமான பெட்ரோபிராஸின் ஒப்பந்தங்களுக்காக 2001லிருந்து 2014 வரை ஏறக்குறைய 55 மில்லியன் அமெரிக்க டாலர் லஞ்சம் போனது. அது பெட்டியில் கட்டிய நோட்டாகப் போகவில்லை. முகவருக்கான கமிஷன், ஆலோசனை ஒப்பந்தம் என்று ஒழுங்கான தாள்களோடுதான் போனது. 2017 டிசம்பரில் மூன்று நாட்டு அதிகாரிகளுடன் ஏற்பட்ட தீர்வில் நிறுவனம் 422 மில்லியன் அமெரிக்க டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. உங்கள் கையெழுத்துக்கு என்ன மதிப்பு என்று கேட்டீர்களே, அதற்கான பதிலும் இந்த வழக்கிலேயே இருக்கிறது. நிறுவனத்தின் சட்டப் பிரிவில் மூத்த பொறுப்பில் இருந்த ஒருவர் அமெரிக்க நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். முகவர் ஒப்பந்தங்களை எழுதிக் கொடுத்தவர் அவர். பேரம் பேசியவர்கள் வேறு யாரோ. தாளை ஒழுங்குபடுத்திக் கொடுத்ததற்கே அவர் பதில் சொல்ல வேண்டியதாயிற்று. நாமும் அதே மேசையில்தான் உட்கார்ந்திருக்கிறோம்.

கேள்விகளுக்குச் சரியான பதில் கிடைத்தால் முகவருக்குப் பணம் கொடுப்பதில் தவறே இல்லை. உள்ளூர் மொழி, சுங்க நடைமுறை, பழுதுபார்ப்பு என்று உண்மையாக உழைக்கிற முகவர்கள் நிறைய இருக்கிறார்கள். செய்த வேலைக்கு ஆதாரம் காட்டினால் மட்டும் பணம், வேலை நடக்கிற நாட்டுக் கணக்குக்கு மட்டும் பணம், நம் தணிக்கையாளர் அவர்களுடைய கணக்கைப் பார்க்கலாம் என்று மூன்று நிபந்தனைகளைப் போட்டு ஒப்பந்தத்தை நீங்களே எழுதிக் கொடுங்கள். நேர்மையான முகவர் முணுமுணுத்துக்கொண்டே ஒத்துக்கொள்வார்.

பலகாரக் கூடை. இதில் நீங்கள் கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டீர்கள் என்று நினைக்கிறேன். முறுக்கும் லட்டும் உள்ள கூடையை வாங்கி, பதிவேட்டில் எழுதி, பேன்ட்ரி மேசையில் எல்லாருக்குமாகத் திறந்து வைத்து, கொடுத்தவருக்கு நன்றி சொல்லி, ‘அடுத்த வருஷம் வாழ்த்து அட்டை போதும்ண்ணே’ என்று சொல்லியிருக்கலாம். வாங்கிவிட்டோம் என்ற கறையும் இல்லை, கொடுத்தவர் முகமும் வாடியிருக்காது. ஒப்பந்தப் புள்ளி கேட்டிருக்கிற நேரம் என்றால் மட்டும் முறுக்குகூட வேண்டாம். பணம், அங் பாவ் என்கிற சிவப்பு உறைப் பணம், கடை வவுச்சர், நுழைவுச்சீட்டு எல்லாம் எப்போதுமே வேண்டாம். 2024 அக்டோபரில், தொழிலதிபர்களிடம் பரிசுகள் வாங்கிய வழக்கில் முன்னாள் அமைச்சர் ஈஸ்வரனுக்கு 12 மாதச் சிறைத் தண்டனை கிடைத்தபோது நம் வீடுகளில் எல்லாம் அதைப் பற்றித்தான் பேச்சு. அவர் மீதான முக்கியக் குற்றச்சாட்டுகளுக்கு அடிப்படையான குற்றவியல் சட்டத்தின் 165ஆம் பிரிவு அரசாங்க ஊழியர்களுக்கானது, உங்கள் நிறுவனத்துக்குப் பொருந்தாது. ஆனாலும் ‘நண்பர் கொடுத்ததுதானே’ என்ற பதில் எவ்வளவு தூரம் தாங்கும் என்பதை அப்போது எல்லாரும் பார்த்தார்கள்.

பயிற்சியைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. பட்டன் தட்டும் பயிற்சி தாய் நிறுவனத்துக்கு வேண்டும் என்றால் இருந்துவிட்டுப் போகட்டும். அதோடு காலை ஏழரை மணிக்குத் தளத்தில் நடக்கிற பாதுகாப்புக் கூட்டத்தில் மாதம் ஒருமுறை ஐந்து நிமிடம் கேட்டு வாங்குங்கள். 2018இல் இங்கே இரண்டு ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுநர்கள் மீது லஞ்ச வழக்கு வந்தது. லாரி ஓட்டுநர்களிடம் ஒவ்வொரு முறையும் வாங்கியதாகச் சொல்லப்பட்டது ஒரு வெள்ளி அளவிலான தொகை. அதைச் சொல்லிவிட்டு, ‘நம் தளத்தில் சரக்கு இறக்க யாராவது காசு கேட்கிறார்களா?’ என்று கேட்டு நிறுத்துங்கள். உடனே யாரும் பதில் சொல்லமாட்டார்கள். கூட்டம் கலைந்து நீங்கள் தலைக்கவசத்தைக் கழற்றும்போது ஒருவர் பக்கத்தில் வந்து நிற்பார்.

மேலிடத்துக்கு வருவோம். அமெரிக்க நீதித்துறை ஒரு நிறுவனத்தின் கம்ப்ளையன்ஸ் ஏற்பாட்டை எடைபோடும்போது மூன்று கேள்விகள் கேட்கிறது. நன்றாக வடிவமைத்திருக்கிறார்களா, அதற்குப் பணமும் அதிகாரமும் கொடுத்திருக்கிறார்களா, நடைமுறையில் அது வேலை செய்கிறதா. உங்கள் இடத்தில் முதல் கேள்விக்கு மட்டும்தான் பதில் இருக்கிறது. அதை இயக்குநர்களிடம் சொல்ல உங்களுக்கு வழி வேண்டும். பட்டியலிட்ட நிறுவனங்கள் புகார் சொல்கிறவர்களுக்கான கொள்கையை வைத்திருப்பதையும் அதை யார் மேற்பார்வை செய்கிறார்கள் என்பதையும் ஆண்டறிக்கையில் விளக்க வேண்டும் என்று சிங்கப்பூர்ப் பங்குச் சந்தை 2022லிருந்து கட்டாயமாக்கியிருக்கிறது. மேற்பார்வையும் கண்காணிப்பும் தணிக்கைக் குழுவின் பொறுப்பு. அந்தக் குழுவின் தலைவரை மூன்று மாதத்துக்கு ஒருமுறை, நிர்வாகத்தினர் யாரும் இல்லாமல், அரை மணி நேரம் சந்திக்கக் கேளுங்கள். ‘இரண்டு வருஷமாக அழைப்பு பூஜ்யம்’ என்பதையே முதல் சந்திப்பில் கொண்டுபோங்கள். பூஜ்யம் நல்ல செய்தி என்று அவர்கள் நினைத்துக்கொண்டிருக்கலாம்.

வேலையை விடலாமா? இப்போது வேண்டாம். எரிச்சலிலும் தனிமையிலும் எடுக்கிற முடிவாக அது இருக்க வேண்டாம். ஆனால் எந்த இடத்தில் எழுந்து போவீர்கள் என்பதை இன்றைக்கே உங்களுக்குள் முடிவு செய்துகொள்ளுங்கள். என் கோடுகள் இரண்டு. பழைய தேதி போட்டுக் கையெழுத்துக் கேட்டால் போய்விடுவேன். நான் எழுதிய அறிக்கையை எனக்குத் தெரியாமல் மாற்றினால் போய்விடுவேன். மின்னணுப் பணப் பரிவர்த்தனை நடத்திய ஜெர்மன் நிறுவனமான வயர்கார்டின் சிங்கப்பூர் அலுவலகத்தில் வழக்கறிஞராக இருந்த பாவ் கில் 2018இல் கணக்கு மோசடியை உள்ளுக்குள் எழுப்பிப் பார்த்தார். அவரே வேலையை விட்டு வெளியேற வேண்டி வந்தது. பிறகு அவரும் அவருடைய அம்மாவும் பத்திரிகையாளர்களிடம் போனார்கள். 2020 ஜூனில் 1.9 பில்லியன் யூரோவைக் காணோம் என்று அந்த நிறுவனம் விழுந்தபோதுதான் அவர் சொன்னது சரி என்று உலகத்துக்குத் தெரிந்தது. நடுவில் இருந்த இரண்டு வருஷங்களை அவர் எப்படிக் கடந்திருப்பார் என்று நான் அடிக்கடி நினைப்பதுண்டு. அதனால்தான் இந்தத் துறைக்கு வருகிற இளையவர்களிடம் ஆறு மாதச் செலவுக்குப் பணத்தைத் தனியாக எடுத்துவையுங்கள் என்று சொல்கிறேன். வீட்டுக் கடன் கழுத்தை நெரிக்கும்போது முடியாது என்று சொல்வது மிகவும் கஷ்டம்.

முக்கியமான பேச்சு நடந்த அன்றே தேதி, நேரம், யார் இருந்தார்கள், என்ன சொன்னார்கள் என்று அலுவலகக் கணினியில் எழுதி வைத்துவிடுங்கள். நிறுவன ஆவணங்களை வீட்டுக்கு எடுத்துப் போகாதீர்கள், சொந்த மின்னஞ்சலுக்கும் அனுப்பாதீர்கள். நிலைமை முற்றினால் உங்களுக்கென்று ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள். நிறுவன வழக்கறிஞர் நிறுவனத்துக்காகத்தான் இருக்கிறார். லஞ்ச ஊழல் புலனாய்வுப் பிரிவுக்கு நேரடியாகப் போக வேண்டி வந்தால், தகவல் கொடுத்தவரின் பெயரைக் காக்கிற ஏற்பாடு ஊழல் தடுப்புச் சட்டத்திலேயே இருக்கிறது.

அந்தச் சுவரொட்டியை மட்டும் மாத இறுதி வரை தள்ளிப் போடாதீர்கள், இந்த வாரமே எழுதுங்கள். நீங்கள் தமிழில் எழுதலாம், வங்காளிக்கு ஆள் தேடிக்கொள்ளலாம். அச்சுக்குக் கொடுப்பதற்கு முன் விடுதிக்குப் போய், சமைத்துக்கொண்டிருக்கிற யாரையாவது உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். எந்த வரியில் அவர் நிறுத்தி உங்கள் முகத்தைப் பார்க்கிறாரோ, அந்த வரியை அங்கேயே உட்கார்ந்து மாற்றி எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா